சம்பளத்தில் 35 பைசா!

"மாப்பிள்ளைக்கு என்ன ஸார் சம்பளம்?"

"கைக்குப் பதினாறாயிரம் வருதுங்க."

"எந்த டிபார்ட்மென்ட்?"

"பர்ச்சேஸ்."

"அடடே! அப்புறம் சம்பளத்தை எதுக்குக் கேட்டுக்கிட்டு?"

2010-ல் திருநின்றவூரில் பெண் பார்க்கப் போனபோது, பெண்ணின் பெரியப்பா என் அப்பாவிடம் கேட்டதுதான் மேலே இருப்பது. கேட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிக்க வேறு செய்தார். பஜ்ஜி தொண்டையில் நின்றுவிட்டது. அன்றைக்கே கல்யாணம் நிச்சயமானது. பெண் வீட்டில் எந்த வருமானத்தை நம்பிப் பெண் கொடுத்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம். மனைவியிடம் கேட்டால், "உங்க மூஞ்சியை நம்பித்தாங்க" என்கிறாள். அதை நம்புவதற்கும் மனசு வரவில்லை.

நான் சென்னைப் பக்கம் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட்டில் இருக்கிறேன். டிப்ளமா மெக்கானிக்கல். 2005-ல் 5,500 ரூபாய் சம்பளத்துக்குச் சேர்ந்தேன். இப்போது டெபுடி மேனேஜர். என் பெயரும் கம்பெனி பெயரும் வேண்டாம். ஏன் வேண்டாம் என்பது இதைப் படித்து முடிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

எங்கள் வேலை என்ன என்று கேட்டால், மனைவிமார்கள் காய்கறிக்காரரிடம் செய்வதைத்தான் நாங்கள் சட்டையை இன் பண்ணிக்கொண்டு செய்கிறோம். அவர்கள் கொத்தமல்லி இனாமாகக் கேட்பார்கள், நாங்கள் 60 நாள் கிரெடிட் கேட்போம். என் மேஜை வழியாக வருஷத்துக்கு 42 கோடி ரூபாய்க்கு பி.ஓ. போகிறது. தகடு, போல்ட், ஸ்பிரிங், பிளாஸ்டிக், அட்டைப்பெட்டி, கடைசியில் கான்டீன் டம்ளர்வரை. என் வருஷச் சம்பளம், கம்பெனி கணக்கில், 11 லட்சத்து 40 ஆயிரம். ஒரு நாள் லைன் ஓடாமல் சும்மா உட்கார்ந்திருந்தபோது கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன். நான் ஒரு வருஷத்தில் கையெழுத்துப் போடுகிற பணத்தைச் சம்பாதிக்க நான் 368 வருஷம் வேலை பார்க்க வேண்டும். எங்கள் கம்பெனியில் ரிட்டயர்மென்ட் வயது 58!

கம்பெனி கணக்கில் என்று சொன்னேன் அல்லவா, அதில்தான் சூட்சுமம். சி.டி.சி. என்று ஒரு சமாசாரம் வந்த நாளிலிருந்து, சொல்கிற சம்பளமும் வாங்குகிற சம்பளமும் வேறு வேறாகிவிட்டன. 11.40 லட்சத்தைப் 12-ஆல் வகுத்தால் 95,000. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த 95-க்குள்ளேயே கம்பெனி போடுகிற பி.எஃப். 4,800 உட்கார்ந்திருக்கிறது. ரிட்டயர் ஆகும்போது வரப்போகிற கிராஜுவிட்டிக்கு 1,924, இன்ஷூரன்ஸ் பிரீமியம் 1,276. "நன்றாக வேலை பார்த்தால் வருஷக் கடைசியில் தருவோம்" என்கிற வேரியபிள் 5,000. மிச்சம் 82,000. அதில் என் பங்கு பி.எஃப். இன்னொரு 4,800. கான்டீனும் பஸ்ஸும் 1,000, தொழில் வரி சராசரியாக 200. கையில் வருவது 76,000. சி.டி.சி. என்பது கல்யாண ஆல்பத்து போட்டோ, கைக்கு வருவது ஆதார் அட்டை போட்டோ. இரண்டிலும் இருப்பது அதே ஆள்தான்!

வருமான வரி? அது மட்டும் ஒரு சந்தோஷ சமாசாரம். 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய முறையில் சம்பளக்காரர்களுக்கு 12,75,000 வரை வரி கிடையாது. அதற்கு முந்தைய வருஷம் மாசம் 3,000 ரூபாய்க்கு மேல் போய்க்கொண்டிருந்தது. அது நின்ற ஜூன் மாசமே பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் ஃபீஸை ஏற்றிவிட்டார்கள். அவர்களும் பட்ஜெட் உரை கேட்டிருப்பார்கள் போல.

76,000 எங்கே போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பட்டாபிராமில் வாங்கிய பிளாட்டுக்கு இ.எம்.ஐ. 28,500. இரண்டு பிள்ளைகளின் படிப்பு, வேன் எல்லாம் சேர்த்து மாசக் கணக்கில் 11,000. மளிகை, காய்கறி, எப்போதாவது கறி, மீன் 14,000. சீட்டு 5,000. அப்பாவுக்கு மருந்து மாத்திரை 4,000. பெட்ரோல் 3,500, பால் 2,500, கரண்ட் 2,000, போன், இன்டர்நெட் 1,500. கூட்டினால் 72,000. பாக்கி 4,000. இந்த நாலாயிரத்துக்குள்தான் மொய், தலைவலி, வண்டி ரிப்பேர், மச்சான் வருகை எல்லாம் அடங்க வேண்டும். ஆவணி, தை மாசங்களில் முகூர்த்த நாள்கள் அதிகம் என்பதால் அந்த மாசங்களில் நான் வெளியூரில் இருப்பதாகச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் தொழிலில் எல்லாரும் இப்படியா என்றால், இல்லை. டீக்கடையில் நின்று நாங்கள் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்கிற கணக்கு இது, சர்வே இல்லை. எங்கள் பக்கத்தில் டிப்ளமா முடித்துப் புதிதாகச் சேருகிற பையனுக்கு 18,000, 20,000. பத்து வருஷம் பழம் தின்று கொட்டை போட்டவருக்கு 50,000 பக்கம். ஆனால் அதே பையன் எஸ்.ஏ.பி. கற்றுக்கொண்டு, இறக்குமதி விவகாரம் தெரிந்துகொண்டு, சீனாக்காரரோடு விலை பேசத் தெரிந்தவன் ஆகிவிட்டால் கதையே வேறு. என்னோடு பக்கத்து மேஜையில் இருந்தவன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்குத் தாவினான். இப்போது வருஷம் 18 லட்சம். காலை ஆறரைக்கே காதில் போன். நமக்கு ஆறரை என்றால் சீனாவில் ஒன்பது மணி, ஆபீஸ் திறந்துவிடும். "பணம் வருதுடா, பல் தேய்க்கத்தான் நேரம் இல்லை" என்கிறான். நான் ஏன் தாவவில்லை? அப்பாவின் டாக்டர் ஆவடியில். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பக்கத்திலேயே. தைரியம் இல்லை என்பதை இப்படியும் சொல்லலாம்!

வாங்குறதுக்கு எதுக்கய்யா இன்சென்டிவ்?

ஒரு மனக்குறை மட்டும் உண்டு. எங்களைப் போன்ற உற்பத்திக் கம்பெனிகளில் 100 ரூபாய்க்குச் சரக்கு விற்றால் அதில் 60 ரூபாய்போல மூலப்பொருளுக்கே போய்விடும். 100 கோடி விற்கிற கம்பெனி என்று வையுங்கள். 60 கோடிக்கு வாங்குகிறது. நாங்கள் தொண்டை கிழியப் பேசி 2 சதவீதம் குறைத்தால் 1 கோடியே 20 லட்சம். அது நேராக லாபத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். லாப விகிதம் 8 சதவீதம் இருக்கிற கம்பெனியில் இதே 1.20 கோடியை விற்பனை மூலம் சம்பாதிக்க வேண்டுமானால், இன்னொரு 15 கோடிக்குச் சரக்கு விற்றாக வேண்டும்!

15 கோடி விற்றுக்காட்டினால் சேல்ஸ்காரனுக்கு இன்சென்டிவ், பாங்காக் டூர், மேடையில் மாலை. இரண்டு சதவீதம் குறைத்த எங்களுக்கு? "அப்போ போன வருஷம் ஏன் அதிகமாக் கொடுத்தீங்க?" என்று விசாரணை! இதை ஒருமுறை எங்கள் பழைய ஜி.எம்.மிடம் தைரியமாகக் கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "வாங்குறதுக்கு எதுக்கய்யா இன்சென்டிவ்? எங்க வீட்ல கூடத்தான் தினம் வாங்குறா" என்றார்.

அவர் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. திருநின்றவூர்ப் பெரியப்பா கண்ணடித்துச் சொன்னது. என் மச்சான் ஒவ்வொரு தீபாவளிக்கும் வாய்விட்டே சொல்வது: "தேன் எடுக்கிறவன் புறங்கையை நக்காம இருப்பானா மாமா?"

பர்ச்சேஸ்காரன் சம்பளம் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். எப்படியும் இவன் வேறு வழியில் பார்த்துக்கொள்வான் என்று எல்லாருமே சேர்ந்து முடிவு கட்டிவிட்டார்கள். ஹோட்டல் சர்வருக்கு டிப்ஸ் வரும் என்று முதலாளி சம்பளத்தில் கை வைப்பார் இல்லையா, அந்த மாதிரி. அரசாங்கத்தில் வாங்குகிறவர்களுக்காவது தமிழ்நாட்டில் 1998-லிருந்தே டெண்டர் வெளிப்படைச் சட்டம் இருக்கிறது. லஞ்ச ஒழிப்புத் துறை இருக்கிறது, பயம் இருக்கிறது. எங்களுக்கு இருப்பதெல்லாம் அக்டோபர் மாசத்தில் ஹெச்.ஆர். அனுப்புகிற ஒரு சர்க்குலர். 'வெண்டர்களிடமிருந்து அன்பளிப்பு பெறலாகாது.' அதை நோட்டீஸ் போர்டில் குத்துகிற பையன் கையிலேயே ஒரு ஸ்வீட் பாக்ஸ் இருக்கும்.

ஸ்வீட் பாக்ஸைப் பற்றி நான் குற்றம் சொல்லவில்லை. அரை கிலோ முந்திரி கேக்குக்காக யாரும் ரேட்டை ஏற்றிவிட மாட்டார்கள். ஜனவரியில் டைரி, காலண்டர். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் தொங்குவது ஏதோ ஒரு ஸ்பிரிங் கம்பெனி காலண்டர்தான். அடுத்த கட்டம்தான் ஆபத்து. "பையன் பர்த்டேயாமே ஸார்?" என்று ஆரம்பிக்கும். பையன் பிறந்தநாள் வெண்டருக்கு எப்படித் தெரிந்தது என்று நாம் யோசிக்கும்போதே சைக்கிள் வாசலில் நிற்கும். நான் ஒருமுறை அப்படி வந்த சைக்கிளைத் திருப்பி அனுப்பினேன். பையன் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அது ஒரு பெருமை எனக்கு. அந்தப் பெருமைக்கு நான் யோக்கியதை உள்ளவன்தானா என்பதை இனிமேல் சொல்கிறேன்.

அந்தக் கவர்

2013 பிப்ரவரி. எனக்குக் கைக்கு வந்தது 24,000. அப்பாவுக்கு மார்வலி. ஆஞ்சியோ செய்து பார்த்துவிட்டு, மூன்று அடைப்பு, பைபாஸ்தான் வழி என்றார்கள். தனியார் ஆஸ்பத்திரி எஸ்டிமேட்டில், என் சேமிப்பு, மனைவியின் வளையல் அடகு எல்லாம் போக 1,50,000 துண்டு விழுந்தது.

முதல்வர் காப்பீட்டுத் திட்டம் இருந்தது. அப்போது ஆண்டு வருமானம் 72,000-க்குள் இருப்பவர்களுக்குத்தான் அது. எனக்கு அதைத் தாண்டியிருந்தது. இ.எஸ்.ஐ. இருந்தது. அப்போது மாசச் சம்பளம் 15,000-க்குள் இருந்தால்தான் அது. அதையும் தாண்டியிருந்தேன். கம்பெனி இன்ஷூரன்ஸ் இருந்தது. அதில் நான், மனைவி, பிள்ளைகள் மட்டும். அப்பா, அம்மா கிடையாது. ஏழைக்கு உள்ளதும் இல்லை, பணக்காரனுக்கு உள்ளதும் இல்லை. 24,000 சம்பளம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். அண்ணாச்சி வந்தார்.

அண்ணாச்சி என்றால் அம்பத்தூரில் நாலு பவர் பிரஸ் வைத்து எங்களுக்கு பிராக்கெட் அடித்துத் தருபவர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஒயர்களைப் பிடித்து நிறுத்துகிற சின்னத் தகட்டுத் துண்டு அந்த பிராக்கெட். மாசம் 40,000 பீஸ். விலை 11 ரூபாய் 40 பைசா. என்னைவிட இருபது வயது பெரியவர், என்னைத் தம்பி என்பார்.

"தம்பி, விசாரிச்சேன். இதை வெச்சுக்கோங்க."

பழுப்பு கவர். நான், "வேண்டாம் அண்ணாச்சி" என்றேன்.

"சும்மாவா தரேன்? கடன். எப்போ முடியுதோ அப்போ கொடுங்க. உங்க அப்பா எனக்கும் அப்பா மாதிரிதான்."

வாங்கிக்கொண்டேன். எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. கேஷ் கவுன்ட்டர் பெண்தான் எண்ணினாள். சரியாக ஒன்றரை லட்சம். எஸ்டிமேட்டில் எவ்வளவு குறைகிறது என்பதுவரை விசாரித்திருக்கிறார் அண்ணாச்சி! மனைவியிடம் சீட்டுப் பணம் என்று பொய் சொன்னேன். அப்பா பிழைத்தார்.

ஏப்ரலில் அண்ணாச்சியிடமிருந்து லெட்டர் வந்தது. பீஸுக்கு 75 பைசா ஏற்றித் தரவும். காரணம் நியாயமானதுதான். 2012, 2013-ல் தமிழ்நாட்டில் இருந்த மின்வெட்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வெளி மாவட்டங்களில் பல இடங்களில் நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. அம்பத்தூர்ப் பட்டறைகளும் ஜெனரேட்டரை நம்பித்தான் ஓடின. டீசல் விலையோ 2013 ஜனவரியிலிருந்து மாசாமாசம் லிட்டருக்கு 50 பைசா கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது.

இந்த மாதிரி லெட்டர் வந்தால் நாங்கள் என்ன செய்வோம் தெரியுமா? ஜெனரேட்டர் லாக் புக்கைக் காட்டு என்போம். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை லிட்டர், அந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை பீஸ் விழுகிறது, அதில் எங்கள் பீஸ் எத்தனை, தகட்டுக் கழிவை என்ன விலைக்கு விற்றாய் என்று ஒன்றொன்றாகக் கேட்டு, 75-ஐ 40-க்குக் கொண்டுவந்து நிறுத்துவோம். அண்ணாச்சியும் அதற்குத் தயாராகத்தான் டைரியோடு வந்து உட்கார்ந்திருந்தார்.

நான் லாக் புக் கேட்கவில்லை. "சரி அண்ணாச்சி" என்றேன். அவ்வளவுதான். 75 பைசாவும் ஓகே. பி.ஓ. திருத்தம் போய்விட்டது. மேலே இருப்பவர்களும், மின்வெட்டுக் காலம்தானே என்று கையெழுத்துப் போட்டார்கள். அண்ணாச்சி ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். டைரியை மூடிக்கொண்டு எழுந்து போனார்.

ஆகஸ்டில் அவர் அனுப்பிய லாட்டில் 600 பீஸில் வளைவில் கீறல் என்று குவாலிட்டிக்காரர் நிறுத்தினார். போன் வந்தது. "தம்பி, கொஞ்சம் பாருங்க." இரண்டே வார்த்தை. கவரைப் பற்றி அவர் மூச்சுக்கூட விடவில்லை. நானாகவே எழுந்து போய், உயிர் போகிற பார்ட்டா இது, ஒயர் பிடிக்கிறதுதானே என்று வாதாடி, டீவியேஷன் என்ற பெயரில் அந்த 600-ஐயும் பாஸ் செய்ய வைத்தேன். குவாலிட்டிக்காரர் என் சிநேகிதர். கையெழுத்துப் போடும்போது நிமிர்ந்து, "உனக்கு என்ன வந்துச்சு?" என்றார். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாளும்தான்.

சீட்டை நஷ்டத்துக்குத் தள்ளி எடுத்தேன். பி.எஃப்.பில் அப்பா சிகிச்சையைச் சொல்லி அட்வான்ஸ் வாங்கினேன். மாசாமாசம் மிச்சம் பிடித்தேன். 2014 மார்ச்சில் அதே மாதிரி ஒரு பழுப்பு கவரில் 1,50,000 போட்டு எடுத்துக்கொண்டு அம்பத்தூர் போனேன்.

அண்ணாச்சி கவரைத் தொடவில்லை. டீ வரவழைத்தார். டைரியைப் புரட்டினார்.

"தம்பி, ஒரு விஷயம். உங்களுக்கு முன்னாடி அந்த சீட்ல இருந்தவர் வாங்கினா திருப்பித் தரமாட்டார். நீங்களும் தரமாட்டீங்கன்னு நெனச்சு, ரேட்ல உங்க பேர்ல 35 பைசா போட்டு வெச்சேன். 40 போதும், 75 கேட்டேன். நீங்க பேசுவீங்க, குறைப்பீங்கன்னு பார்த்தேன். பேசலை."

35 பைசா. மாசம் 40,000 பீஸ். மாசத்துக்கு 14,000. ஏப்ரலிலிருந்து பிப்ரவரிவரை 11 மாசம். 1,54,000. கடன் ஒன்றரை லட்சமும், மேலே 4,000 வட்டியும் அவருக்கு எப்போதோ வந்து சேர்ந்துவிட்டது. கட்டியது கம்பெனி!

"அப்போ இந்தப் பணம்?"

"இதை நான் வாங்கினா ரெண்டு தடவை வாங்கின மாதிரி. நீங்க எடுத்துட்டுப் போனா கம்பெனி பணத்துல உங்க அப்பாவுக்கு ஆபரேஷன் பண்ணின மாதிரி. நீங்களே சொல்லுங்க, என்ன செய்யட்டும்?"

இந்த மாதிரி ஒரு கேள்விக்குப் பதில் எந்த மெட்டீரியல்ஸ் மேனேஜ்மென்ட் டிப்ளமாவிலும் சொல்லித்தரவில்லை ஸார். கம்பெனியில் போய் உண்மையைச் சொன்னால் வேலை போகும். அண்ணாச்சிக்கு ஆர்டரும் போகும், அவரிடம் இருந்த 14 ஆள்களும் போவார்கள். சொல்லாவிட்டால்? கடைசியில் இருவருமாக ஒரு வழி செய்தோம். அவர் கவரை வாங்கிக்கொண்டார். ரேட்டில் என் பெயரில் இருந்த 35 பைசாவை எடுத்தார். அதோடு, கம்பெனியிலிருந்து எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க இன்னொரு 35 பைசாவையும் 11 மாசத்துக்குக் குறைத்தார். மொத்தம் 70 பைசா. பைசா சுத்தமாகக் கணக்கு தீர்ந்தது என்று நிம்மதியாக பஸ் ஏறினேன்.

தீரவில்லை. கம்பெனி ரிக்கார்டில் இது எப்படித் தெரிந்தது என்று நினைக்கிறீர்கள்? பிராக்கெட்டில் 70 பைசா காஸ்ட் டவுன்! வருஷத்துக்கு 3,36,000 ரூபாய் சேமிப்பு! "பவர்கட் காலத்துல ஏத்தினதை விடாமப் பேசிக் குறைச்சிருக்கான் பாரு" என்று அதே ஜி.எம். கூட்டத்தில் என்னை எழுப்பி நிற்கவைத்தார். கை தட்டினார்கள். குவாலிட்டி சிநேகிதரும் தட்டினார், மெதுவாக. அந்த வருஷத்தின் சிறந்த சிக்கனவாதி என்று சர்டிபிகேட்டும் ஒரு ஹாட் பாக்ஸும் கொடுத்தார்கள்.

11 மாசம் முடிந்து அண்ணாச்சி 35 பைசாவைத் திரும்ப ஏற்றிக் கேட்டபோது, நான் லாக் புக்கிலிருந்து எல்லாவற்றையும் வாங்கி, முழுசாக மூன்று மணி நேரம் பேசி, நியாயமானதைக் கொடுத்தேன். அவரும் சந்தோஷமாகத்தான் சண்டை போட்டார்.

ஆனால் இன்கிரிமென்ட்? எல்லாருக்கும் 1,200 ஏறிய அந்த வருஷம் எனக்கு 1,900. சிறப்பான சேமிப்புக்காக 700 கூட. இன்கிரிமென்ட்டைத் திருப்பித் தர எந்த கவுன்ட்டரும் கிடையாது. அதன்பின் வருஷாவருஷம் சுமார் 8 சதவீதம் அதன் மேலேயே ஏறிக்கொண்டு வந்திருக்கிறது. 11 இன்கிரிமென்ட்டுக்குப் பிறகு அந்த 700 இப்போது சுமார் 1,630. ஒன்றாம் தேதி 76,000 வந்ததாக மெசேஜ் வரும்போது அதில் இது எந்த 1,630 என்று பார்க்கத் தோன்றும். பால் கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து அம்பத்தூர் எஸ்டேட் தண்ணீரில் நின்றது இல்லையா, மூன்றாம் நாள் நான் போனேன். பாசத்தில் போகவில்லை, மறுநாள் எங்கள் லைன் நின்றுவிடும் என்பதால் போனேன். இடுப்புவரை நனைந்து உள்ளே நுழைந்தால், நாலு பிரஸ்ஸும் மோட்டார் மூழ்கிக் கிடக்கின்றன. அண்ணாச்சி ஒரு ஸ்டூல் மேல் ஸ்டூல் போட்டு, பில் புத்தகங்களை மின்விசிறிக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பிராக்கெட்டைப் பற்றிப் பேசவில்லை. "தம்பி, அப்பா எப்படி இருக்காரு? வீட்ல தண்ணி வரலியே?" என்றார்.

அவருக்கு அப்போது எங்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி மூன்று மாச பில். அட்வான்ஸ் கொடுக்க எனக்கு அதிகாரம் கிடையாது. அக்கவுன்ட்ஸ் மேனேஜர் மேஜையில் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றேன். இரண்டு மாச பில் வந்தது. 2024 ஏப்ரலிலிருந்து எனக்கு அந்தச் சிரமமும் குறைந்துவிட்டது. பதிவு செய்த குறு, சிறு உற்பத்தியாளர் பில்லை, ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் தராவிட்டால், அந்தச் செலவைப் பணம் கொடுக்கிற வருஷத்தில்தான் வரிக்கணக்கில் கழிக்க முடியும் என்று வருமான வரிச் சட்டத்திலேயே போட்டுவிட்டார்கள். 2006-லிருந்தே 45 நாள் சட்டம் இருக்கிறது, யாரும் அசையவில்லை. வரி என்றதும் எங்கள் அக்கவுன்ட்ஸ்காரர்கள் மார்ச் மாசம் அவர்களாகவே போன் போட்டு, "அண்ணாச்சி பில் எங்கே?" என்று கேட்கிறார்கள்.

இப்போது பட்டறையை அவர் மகன் பார்க்கிறான். பி.இ. படித்தவன். போன தீபாவளிக்கு எங்கள் டிபார்ட்மென்ட்டில் புதிதாகச் சேர்ந்திருக்கிற 20,000 ரூபாய்ப் பையனிடம் ஒரு கவரை நீட்டியிருக்கிறான். பையன் நேராக என்னிடம் வந்து, "ஸார், இதை வாங்கலாமா?" என்று கேட்டான். அவன் அக்காவுக்குத் தையில் கல்யாணம் என்று எனக்குத் தெரியும். மகனுக்கும் தெரிந்திருக்கும்.

"எவ்வளவு இருக்கு?"

"பிரிக்கலை ஸார்."

அண்ணாச்சிக்கு போன் போட்டேன். சாயங்காலமே மகன் வந்து கவரை வாங்கிக்கொண்டு போனான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. பையனை ஜி.எம். ரூமுக்கு அழைத்துக்கொண்டு போய், அவனுக்குச் சம்பள அட்வான்ஸ் 40,000 கேட்டேன். புது ஜி.எம்., 25,000-க்கு ஒத்துக்கொண்டார். நாங்கள் கேட்டது கேட்டபடி எங்கே கிடைத்திருக்கிறது!

அந்த ஹாட் பாக்ஸ் இன்னும் வீட்டில் இருக்கிறது. தினம் காலையில் அதிலிருந்துதான் இட்லி. மனைவிக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. இதைப் படித்தால்தான் தெரியும். போன வாரம், "ஏங்க, மூடி லூஸாயிடுச்சு, சூடே நிக்கலை, புதுசா ஒண்ணு வாங்கிடலாமா?" என்றாள். உடனே சரி என்றேன்.

மூன்று கடையில் விலை கேட்டிருக்கிறேன்.